மயக்கு மருந்தும் மயக்க மருந்தும்

எலப்புள்ளிப் பக்கத்துத் தேநீர்க்கடையில் ‘மயக்கு மருந்து’ என்று உரக்கச் சொன்னால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். மலையாளத்தில் அது கஞ்சா முதலிய போதைப்பொருள்களுக்கான சொல்; செய்தித்தாளின் குற்றப் பக்கத்துக்கு உரியது. அதே கடையில் தமிழ் பேசும் ஒருவர் ‘மயக்க மருந்து’ என்பது அறுவை அரங்கில் கொடுக்கப்படுவதை. இடையில் இருப்பது ஓர் உகரத்துக்கும் அகரத்துக்கும் உள்ள வேறுபாடுதான். பாலக்காட்டிலிருந்து கிழக்கே பொள்ளாச்சிக்குச் செல்லும் வழியில், பனைமரங்களும் நெல்வயல்களுமாகக் கிடக்கும் இந்த எல்லைப்புறத்தில், வீட்டுக்குள் தமிழும் பஞ்சாயத்து அலுவலகத்தில் மலையாளமும் பேசி வளர்ந்தவர்களுக்கு இத்தகைய சொற்கள் அன்றாடம். மலையாளத்தில் ‘பனி’ என்றால் காய்ச்சல். தமிழில் அது மார்கழியில் புல்லின்மேல் விழுவது. மருத்துவமனையில் இவ்வாறான சொற்கள் வேடிக்கையாக மட்டும் இருந்துவிடுவதில்லை.

இந்த ஊரைச் சேர்ந்த எழுபத்தாறு வயது மூதாட்டி ஒருவர், இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஆடி மாதத்தில் மாட்டுத்தொழுவத்துப் பாசியில் வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. இதயத்துக்காக அவர் இரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை உட்கொண்டு வந்ததால் முதுகுத்தண்டில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மட்டும் மரக்கச் செய்வது ஆபத்து என்று கருதப்பட்டது, காத்திருப்பதும் ஆபத்து. ஆகவே முழு மயக்கம் கொடுத்து அறுவை நடந்தது. அறுவை நன்றாகவே முடிந்தது. எலும்பு கூடியது. ஆனால் மயக்கம் தெளிந்து எழுந்தவர் வேறொருவராக இருந்தார்.

முதல்நாள் மாலை சற்றே மந்தமாக இருந்தார். இரவு பத்து மணிக்குமேல் எழுந்து உட்கார முயன்றார். “மோட்டார நிறுத்துங்க, வாமடை ஒடஞ்சு போச்சு, தண்ணி பூராம் வீணாப் போகுது” என்று கத்தினார். கையில் ஏறிக்கொண்டிருந்த சொட்டுமருந்துக் குழாயைப் பிடுங்கி எறிந்தார். இரவுப் பணியில் இருந்த செவிலியர் தெற்குக் கேரளத்திலிருந்து வந்த இளம்பெண். அவருக்குத் தமிழ் தெரியாது. நோயாளியின் நினைவைச் சோதிக்க வேண்டிய முறைப்படி, “அம்மே, இது ஏதா மாசம்?” என்று கேட்டார். “ஆடி. காத்தடிக்கறது கேக்கலையா?” என்றார் மூதாட்டி. செவிலியர் எதிர்பார்த்த விடை ‘கர்க்கடகம்’, அல்லது ‘ஜூலை’. மேற்குத்தொடர்ச்சி மலையின் இடைவெளி வழியே காற்று சீறிக்கொண்டிருந்த அந்த இரவில், ஆடியும் கர்க்கடகமும் ஒரே மாதம்தான். சரியான விடை தவறு எனக் குறிக்கப்பட்டது.

இதைச் சொல்வதால் அந்த மூதாட்டி தெளிவாக இருந்தார் என்று பொருளில்லை. அவர் தெளிவாக இல்லை. மருத்துவமனைக் கட்டிலைத் தம் களத்து வீடென்று நம்பினார். இறந்து பதினோராண்டு ஆன கணவருக்குச் சோறு எடுத்து வைக்கச் சொன்னார். மூன்றாம் இரவில் அவருடைய மணிக்கட்டுகளைத் துணியால் கட்டிலோடு கட்டிவைத்தார்கள். மருமகள் அந்தக் கட்டுகளைப் பார்த்துவிட்டு வராந்தாவில் நின்று அழுதார். “அத்தைக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சு, மயக்க ஊசி மூளையக் கெடுத்துருச்சு” என்று ஊருக்குள் சேதி போயிற்று. ஒரு மந்திரவாதியை அழைக்கலாமா என்ற பேச்சும் எழுந்தது.

மருத்துவம் இதை ‘டெலிரியம்’ என்கிறது. தமிழில் இதற்கு வழங்கும் ‘சித்தப்பிரமை’ என்ற சொல் பொருத்தமற்றது. அது நிலையான மனநோயைக் குறித்து அச்சுறுத்துகிறது. இலக்கணக்காரர்களிடம் இதைவிட நல்ல சொல் இருக்கிறது. தொல்காப்பியச் சொல்லதிகாரத்தில் வேற்றுமை மயங்கியல் என்று ஓர் இயல் உண்டு. ஒரு வேற்றுமைக்கு உரிய இடத்தில் இன்னொன்று வந்து நிற்பது அங்கே மயக்கம். அதாவது மயக்கம் என்பது நினைவிழத்தல் மட்டுமன்று. ஒன்றன் இடத்தில் இன்னொன்று கலந்து நிற்றல். அறுவைக்குப் பிறகு அந்த மூதாட்டிக்கு நேர்ந்தது கால மயக்கமும் இட மயக்கமும். ஆக்சிஜன் கருவியின் இரைச்சல் மோட்டாரின் இடத்தில் நின்றது; குழாயில் சொட்டிய நீர் வாய்க்கால் நீரின் இடத்தில் நின்றது. அவருடைய காதுக்கருவி அறுவைக்கு முன் கழற்றப்பட்டு மகனுடைய சட்டைப்பையில் கிடந்தது; கண்ணாடி வீட்டிலேயே இருந்தது. அரைகுறையாகக் கேட்டதையும் மங்கலாகத் தெரிந்ததையும் கொண்டு கலங்கிய மூளை தனக்குத் தெரிந்த உலகத்தைக் கட்டிக்கொண்டது.

மயக்க மருந்து முதியோரின் மூளையைப் பாதிக்கிறதா என்ற கேள்வி புதிதன்று. ஆனால் அது பெரிய அளவில் ஆராயப்படுவதற்கு நெடுங்காலம் ஆயிற்று. 1846 அக்டோபரில் பாஸ்டனில் ஈதர் மயக்கத்தில் அறுவை நடந்ததைக் கண்ட உலகம் அதன்பின் நெடுங்காலம் அஞ்சியது உயிரைப் பற்றித்தான். 1888இலும் 1889இலும் ஹைதராபாத்தில் நிஜாமின் செலவில் நடந்த குளோரோபார்ம் ஆய்வுக்குழுக்கள் நாய்களிலும் குரங்குகளிலும் சோதித்துத் தேடியது, முதலில் நிற்பது மூச்சா இதயமா என்பதை. மூச்சுதான் என்று அவை முடிவு கட்டின. இதயமும் நிற்கக்கூடும் என்பதைப் பின்வந்த ஆய்வுகள் காட்டின. எழுந்த பிறகு அந்த மனிதர் பழைய மனிதராக இருந்தாரா என்ற கேள்வி அக்காலத்தில் அதிகம் கேட்கப்படவில்லை.

1955இல் ஆக்ஸ்போர்டைச் சேர்ந்த பெட்போர்ட் என்ற மருத்துவர் லான்செட் இதழில் அந்தக் கேள்வியைக் கேட்டார். முழு மயக்கத்தில் அறுவை செய்துகொண்ட 1193 முதியவர்களை ஆராய்ந்தார். அறுவைக்குப் பிறகு முன்போல் இல்லை என்று உறவினர்கள் சொன்னதை முதியோரின் வீட்டுப் புலம்பலாக ஒதுக்காமல் மருத்துவச் சான்றாக எடுத்துக்கொண்டதுதான் அவர் செய்த பெரிய காரியம். 1998இல் பல நாடுகள் சேர்ந்து நடத்திய ஓர் ஆய்வு, அறுபது வயதுக்கு மேற்பட்ட 1218 பேரைச் சோதித்து அந்தப் புலம்பலுக்கு எண் கொடுத்தது: அறுவை முடிந்து ஒரு வாரத்தில் 25.8 விழுக்காட்டினரிடம் நினைவும் கவனமும் குறைந்திருந்தன. மூன்று மாதத்தில் அது 9.9 விழுக்காடாகக் குறைந்தது. நான்கில் மூவருக்குக் குறை தெரியவில்லை. பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் மீண்டார்கள். எனினும் பத்தில் ஒருவர் என்பது சிறிய எண்ணன்று; கேரளத்தில் 2011 கணக்கெடுப்பின்படியே அறுபது கடந்தவர்கள் 12.6 விழுக்காடு, நாட்டிலேயே மிக அதிகம்.

ஆனால் குற்றவாளி மயக்க மருந்துதானா? இங்கேதான் ஊர்ப்பேச்சும் ஆராய்ச்சியும் பிரிகின்றன. மயக்க மருந்துதான் முதன்மைக் காரணம் என்றால் முதுகுத்தண்டு ஊசியோடு அறுவை செய்துகொள்பவர்கள் தப்ப வேண்டும். இடுப்பெலும்பு முறிந்த 1600 பேரை வைத்து அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்து 2021இல் வெளியான ஆய்வில், டெலிரியம் முதுகுத்தண்டு ஊசி பெற்றவர்களில் 20.5 விழுக்காடு, முழு மயக்கம் பெற்றவர்களில் 19.7 விழுக்காடு. அடுத்த ஆண்டு சீனாவிலிருந்து 950 பேரை வைத்து வந்த ஆய்விலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. எலும்பு முறிவும் அறுவையும் உடலெங்கும் எழுப்பும் அழற்சி, வலி, உறக்கமின்மை, பட்டினி, நீரிழப்பு, அறிமுகமற்ற அறை ஆகிய யாவும் சேர்ந்து தாக்குகின்றன. முதிய மூளைக்குத் தாங்கும் வலு குறைவு. அறுவைக்கு முன்பே, வலியோடு வண்டியில் ஏற்றப்படும்போதே, குழம்பத் தொடங்கிவிடும் முதியவர்களும் உண்டு.

அப்படியானால் மயக்கத்தை ஆழமாகக் கொடுக்காமல் அளந்து கொடுத்தால் என்ன? நெற்றியில் மின்வாய் ஒட்டி மூளை அலைகளைப் பார்த்து மருந்தைக் கூட்டிக் குறைக்கும் கருவி உண்டு. 2013இல் ஹாங்காங்கில் 921 பேரிடம் நடந்த ஆய்வில், கருவியின்படி மருந்து கொடுக்கப்பட்டவர்களில் டெலிரியம் 15.6 விழுக்காடு, மற்றவர்களில் 24.1 விழுக்காடு. கருவியை விற்பவர்கள் மகிழ்ந்தார்கள். 2019இல் அமெரிக்காவில் 1232 பேரிடம் நடந்த ஆய்வில் பலன் காணவில்லை. கருவி வைத்தவர்களில் 26 விழுக்காடு, வைக்காதவர்களில் 23. மூளையைக் காக்கும் என்று எதிர்பார்த்துக் கொடுக்கப்பட்ட கெட்டமின் டெலிரியத்தைக் குறைக்கவில்லை, பொய்க்காட்சிகளைக் கூட்டியது. டெக்ஸ்மெடெடோமிடின் என்ற மருந்து 2016இல் சீனாவில் தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்த 700 முதியவர்களிடம் 23 விழுக்காட்டை 9 ஆக்கியது. இதய அறுவை நோயாளிகளிடம் பின்னர் நடந்த ஓர் ஆய்வில் அது கைகொடுக்கவில்லை. ஒரே ஊசியில் மூளையைக் காக்கும் மருந்து இன்னும் கையில் இல்லை.

இதற்கு மாறாக, ஊசியே இல்லாத ஒரு வழி உறுதியான பலன் காட்டியிருக்கிறது. யேல் பல்கலைக்கழகத்தில் ஷேரன் இனோய் என்ற மருத்துவர், எழுபது வயதும் அதற்கு மேலுமான 852 உள்நோயாளிகளிடம் நடத்திய ஆய்வு 1999இல் வெளிவந்தது. அவர்கள் செய்தது என்னவென்றால், கண்ணாடியையும் காதுக்கருவியையும் நோயாளியிடம் கொடுத்தார்கள். இன்று என்ன நாள், எங்கே இருக்கிறீர்கள் என்று அடிக்கடி நினைவூட்டினார்கள். தண்ணீர் குடிக்கச் செய்தார்கள். எழுப்பி நடக்க வைத்தார்கள். இரவில் தூக்க மாத்திரைக்குப் பதிலாகச் சூடாகக் குடிக்க ஏதேனும் தந்து வார்டின் சத்தத்தைக் குறைத்தார்கள். டெலிரியம் 15 விழுக்காட்டிலிருந்து 9.9க்கு இறங்கியது. அவர்கள் அறுவை நோயாளிகள் அல்லர், பொது மருத்துவ நோயாளிகள். ஆனால் இந்த முறை பின்னர் அறுவை வார்டுகளுக்கும் சென்றது. படித்துவிட்டு இதெல்லாம் ஒரு மகள் செய்வதுதானே என்று தோன்றும். ஆம். நம் மருத்துவமனைகளில் அந்த மகளைத்தான் இரவு எட்டு மணிக்கு வெளியே அனுப்புகிறோம்.

இந்த ‘நினைவூட்டல்’ எந்த மொழியில் நடக்கிறது என்பது மருத்துவ இதழ்களில் அவ்வளவாகப் பேசப்படாதது. கவனத்தைச் சோதிக்க மாதங்களைப் பின்னோக்கிச் சொல்லச் சொல்வது வழக்கம். ஆங்கில மாதங்களை முன்னோக்கியே சொல்லிப் பழகாத ஒருவரிடம் டிசம்பர், நவம்பர் என்று எதிர்பார்த்தால் சோதிக்கப்படுவது மூளையன்று, பள்ளிக்கூடம். எலப்புள்ளியில் சித்திரையில் தொடங்கும் ஆண்டும் சிங்ஙத்தில் தொடங்கும் ஆண்டும் ஒரே சுவரில் தொங்குகின்றன. எந்தக் காலண்டரை எந்தக் கிழவியிடம் கேட்பது என்பதை வீட்டாரிடம் ஒரு நிமிடம் பேசினால் அறிந்துகொள்ளலாம்.

மயக்கத்துக்கும் மொழிக்கும் உள்ள உறவில் வியப்பான நிகழ்வுகளும் பதிவாகியுள்ளன. நெதர்லாந்தில் பதினேழு வயதுப் பையன் ஒருவன், கால்பந்து ஆட்டத்தில் அடிபட்டு முழங்கால் அறுவை செய்துகொண்டான். விழித்தபோது பள்ளியில் மட்டும் பேசிப் பழகிய ஆங்கிலத்தையே பேசினான், டச்சு புரியவில்லை, தான் அமெரிக்காவில் இருப்பதாகச் சொன்னான், பெற்றோரை அடையாளம் தெரியவில்லை. ஒரு நாளுக்குள், நண்பர்கள் பார்க்க வந்தபோது, தாய்மொழி தானாகத் திரும்பியது. 2022இல் வெளியான பதிவு அது. மூதாட்டிக்கு நேர்ந்தது இதன் மறுதலை. அறுபது ஆண்டுகளாகச் சந்தையிலும் பால் சொசைட்டியிலும் பேசிய மலையாளம் நான்கு நாள் முற்றிலும் ஒளிந்துகொண்டது. பிரெஞ்சு உளவியலாளர் ரிபோ, 1881இலேயே, நினைவு சிதையும்போது புதியது முதலில் போகும், பழையது நிற்கும் என்று எழுதினார். எல்லா நோயாளிக்கும் அது பொருந்துவதில்லை. அந்த வார்டில் பொருந்தியது. அவர் கேட்டதெல்லாம் யாருக்கும் புரியாத மொழியில் இருந்தது. ஆகவே அவர் கேட்ட தண்ணீர்கூடப் பிதற்றலாகவே எழுதப்பட்டது.

ஐந்தாம் நாள் காலை தெளிந்தார். மருமகள் காதுக்கருவியை மாட்டிவிட்டுத் தலை வாரிக்கொண்டிருந்தபோது, “கையில இதென்னாயா காயம்?” என்று தம் மணிக்கட்டைப் பார்த்துக் கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை.

வீடு திரும்பிய பின் சில மாதங்களுக்கு அவருடைய பால் கணக்கு சரியாகவில்லை. லிட்டரையும் கொழுப்புக்கேற்ற விலையையும் மனத்திலேயே பெருக்கி மாதக்கணக்கைச் சொசைட்டிச் சீட்டு வருமுன் சொல்லிவிடுபவர் அவர். இப்போது பாதியில் நின்றுவிடுவார். நடையும் சமையலும் வம்பும் திரும்பின. கணக்கு முழுதாகத் திரும்பவில்லை. வீட்டில் யாரும் அதைக் குறையாகச் சொல்லவில்லை, அவருக்கே தெரிந்திருந்தது. இனிப் பேரன் எழுதிக்கொள்ளட்டும் என்று நோட்டை ஒருநாள் அவனிடம் தள்ளிவிட்டார்.

ஒன்றரை ஆண்டு கழித்துத் தை மாதத்தில் பித்தப்பையில் கற்களும் சீழும். எடுத்தே ஆக வேண்டும். அது வயிற்றுக்குள் காற்றை நிரப்பிச் செய்யும் லேப்ராஸ்கோப்பி ஆகையால் முழு மயக்கமே வழக்கம். மகன் மறுத்தார். “அன்னிக்குப் போனதே பாதி மூளை. மிச்சத்தையும் குடுக்கச் சொல்றியா?” என்று மனைவியிடம் சீறினார். அறியாமை என்று இதைத் தள்ளிவிட முடியாது. பெட்போர்டே முதியோருக்கு ஐயத்துக்கிடமின்றித் தேவையான அறுவையை மட்டும் செய்யுங்கள் என்றுதான் முடித்திருந்தார். ஆனால் சீழ் பிடித்த பித்தப்பை அந்த ஐயத்துக்கு இடம் தருவதன்று. அழற்சியும் காய்ச்சலும் மயக்க மருந்தில்லாமலேயே ஒருவரைக் குழப்பிவிடும். முடிவை மூதாட்டியே எடுத்தார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, “போன தடவ நடந்தது பூராம் எனக்கு ஞாபகம் இருக்குது. கட்டிப் போட்டதும் ஞாபகம் இருக்குது. இந்தத் தடவ ராத்திரிக்கு நம்மாளு ஒருத்தர் கூட இருக்கோணும். அவ்ளோதான்” என்றார். ஒன்றரை ஆண்டாக அவர் அதைப் பற்றி ஒரு சொல்லும் பேசியதில்லை. நடந்தது அவருக்கு நினைவில்லை என்றே வீட்டார் நம்பியிருந்தார்கள். டெலிரியத்திலிருந்து மீண்டவர்களில் பலருக்கு அது நினைவிருக்கும், வெட்கத்தால் சொல்லமாட்டார்கள்.

இம்முறை கோயம்புத்தூரில் ஒரு மருத்துவமனை. மயக்க மருத்துவர் முதல்நாளே வந்து உட்கார்ந்து பேசினார். முந்தைய அறுவையில் நேர்ந்ததை மருமகள் மறைக்காமல் சொன்னார். மறைக்காமல் சொன்னதுதான் அந்தக் குடும்பம் செய்த மிக முக்கியமான வேலை. மருத்துவர் வாரநாள்களைத் தமிழில் பின்னோக்கிச் சொல்லச் சொல்லிக் குறித்துக்கொண்டார், அறுவைக்குப் பின் ஒப்பிடுவதற்காக. உட்கொள்ளும் மாத்திரைகள் அனைத்தையும் பையோடு கொண்டுவரச் சொல்லிப் பார்த்தார். அறுவைக்கு முன்னிரவு பதற்றம் தணிக்க வழக்கமாகக் கொடுக்கப்படும் பென்சோடயசெபைன் வகை மாத்திரையை அடித்தார். அரிப்புக்கும் வாந்திக்கும் எளிதாகப் போடப்படும் பினர்கான் போன்ற ஊசிகள் வேண்டாம் என்று கேஸ்தாளில் எழுதினார். அட்ரோப்பின் தேவைப்படும் இடத்தில், மூளைக்குள் புகாத கிளைக்கோபைரோலேட் போதும் என்றார். அறுவைக்கு இரண்டு மணி நேரம் முன்வரை தண்ணீர் குடிக்கலாம் என்று சொல்லி, நள்ளிரவிலிருந்தே வாயைக் கட்டும் பழைய வழக்கத்தை நிறுத்தினார். கண்ணாடியும் காதுக்கருவியும் அரங்கின் வாசல்வரை உடன் சென்றன. கண் விழிக்கும் அறையில் மறுபடி மாட்டப்பட்டன. இரவில் பேரன் உடனிருக்க அனுமதி வாங்கித் தந்தார். இவற்றில் எதற்கும் பெரிய செலவில்லை.

குழந்தைகளைப் பற்றி மருமகள் ஒரு கேள்வி கேட்டார். அவருடைய தங்கை மகளுக்கு எட்டு மாதத்தில் குடலிறக்க அறுவை செய்ய வேண்டியிருந்தது. 2003இல் பிறந்து ஏழு நாளான எலிகளிடம் மயக்க மருந்துகள் மூளைச் செல்களை அழித்ததாக ஆய்வு வந்தபின் எழுந்த அச்சம் அது. 2016 டிசம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, மூன்று வயதுக்குட்பட்டவர்களுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் அல்லது திரும்பத் திரும்பக் கொடுப்பது பற்றி எச்சரித்தது. ஆனால் ஏழு நாடுகளில் 722 கைக்குழந்தைகளை ஐந்து வயதுவரை தொடர்ந்து பார்த்து 2019இல் வெளியான ஆய்வில், ஒரு மணி நேரத்துக்குக் குறைவான ஒற்றை மயக்கம் அறிவுத்திறனைக் குறைக்கவில்லை. மருத்துவர் இதைச் சுருக்கமாகச் சொல்லி, குடலிறக்கத்தைத் தள்ளிப்போட வேண்டாம் என்றார்.

அறுவைக்குப் பின் இரண்டாம் மாலை, விளக்கேற்றும் நேரத்தில், மூதாட்டி பேரனைப் பார்த்துத் தம் இறந்துபோன தம்பியின் பெயரைச் சொல்லி அழைத்தார். அவன் பதறவில்லை, சொல்லிக் கொடுத்திருந்தார்கள். “அம்மிச்சி, நான் பேரனுங்க. இது கோயமுத்தூர் ஆஸ்பத்திரி. இன்னிக்கு வெள்ளிக்கிழமை” என்றான். அவர் சிறிது நேரம் பார்த்துவிட்டு, “மூஞ்சி அப்படியே அவனாட்டம் இருக்குது” என்றார். அதற்குமேல் ஒன்றும் நேரவில்லை. நள்ளிரவில், தொலைபேசியில் தாழ்ந்த குரலில் மலையாளம் பேசிக்கொண்டிருந்த செவிலியரைக் கேட்டுவிட்டு, “மோளே, ஆ லைட் ஒன்னு கெடுத்தாமோ?” என்றார். விளக்கு அணைந்தது, தூங்கினார்.

வீட்டுக்கு வந்த வாரத்தில் பேரனிடமிருந்து பால் நோட்டை வாங்கிக் கணக்குப் போட்டுப் பார்த்தார். மூன்று மாதக் கணக்கில் இரண்டு சரியாக வந்தது. மூன்றாவதில் பெருக்கல் சரிதான். விலை மட்டும் பழைய விலை.